தாஜ்மகால் எங்கே இருக்கிறது?

1999-இல் ஒரு பரீட்சை நடந்தது. எழுதியவை கணினி நிரல்கள். விடைத்தாள் திருத்தியவர்கள் மனிதர்கள். நடத்தியது அமெரிக்க அரசின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம். சுருக்கமாக நிஸ்ட் என்பார்கள். மொத்தம் 200 கேள்விகள். ஐந்து லட்சத்துக்கும் அதிகமான செய்தித்தாள் கட்டுரைகளும் அரசு ஆவணங்களும் பாடப்புத்தகம். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடைகள் வரை, தனக்கு நம்பிக்கை உள்ள வரிசையில் ஒரு நிரல் தரலாம். சரியான விடை முதலிடத்தில் இருந்தால் முழு மதிப்பெண். இரண்டாவதாக வந்தால் அரை, மூன்றாவதாக வந்தால் மூன்றில் ஒரு பங்கு. கட்டுரையை முழுசாக நீட்டி ‘இதில் எங்கேயோ இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று தப்பிக்க முடியாது. விடை 50 எழுத்துக்குள் அடங்க வேண்டும். சலுகைப் பிரிவில் 250.

கேள்விகளில் ஒன்று: தாஜ்மகால் எங்கே இருக்கிறது?

ஆக்ரா என்று சொன்ன நிரல்களால் யாருக்கும் சங்கடமில்லை. ஆனால் அமெரிக்கப் பத்திரிகைகளில் தாஜ்மகால் என்ற பெயர் அடிபட இன்னொரு காரணமும் அப்போது இருந்தது. டொனால்ட் டிரம்ப் 1990-இல் நியூஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டியில் அதே பெயரில் ஒரு சூதாட்ட விடுதி திறந்திருந்தார். ‘அட்லாண்டிக் சிட்டி’ என்று ஒரு நிரல் எழுதினால் மதிப்பெண் போடுவதா வேண்டாமா? ஒவ்வொரு கேள்வியையும் மூன்று பேர் தனித்தனியாகத் திருத்தினார்கள். இந்தக் கேள்வியில் மூவரின் மனமும் ஒத்துப்போகவில்லை.

பரீட்சையை வடிவமைத்த எலன் வூர்ஹீஸ் இந்தச் சிக்கலை மறைக்காமல் எழுதியிருக்கிறார். பெயர், தேதி, ஊர், எண் என்று நறுக்கென்று விடை சொல்லக்கூடிய கேள்விகளாகப் பார்த்துத்தான் பொறுக்கியிருந்தார்கள். அவற்றிலேயே எது சரி என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. தேதி கேட்டால் ஆண்டு மட்டும் போதுமா, நாளும் மாதமும் வேண்டுமா? ஊர் கேட்டதற்கு நாட்டைச் சொன்னால் ஏற்பதா? நல்லவேளையாக, யார் திருத்தினாலும் எந்த நிரல் முன்னே, எது பின்னே என்ற வரிசை பெரிதாக மாறவில்லை. அது போதும் என்று வைத்துக்கொண்டு அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பரீட்சையைத் தொடர்ந்தார்கள். கருத்து வேறுபாடு தீர்ந்துவிடவில்லை. வரிசையைக் கெடுக்காததால் அதை ஓரமாக வைத்தார்கள்.

இன்று செல்பேசியிடம் கேட்டால் ஆக்ரா என்று பெரிய எழுத்தில் வருகிறது, கூடவே வரைபடமும் படமும். தேடுபொறிகள் பல ஆண்டுகள் விடையே சொன்னதில்லை என்பது இதனால் மறந்துபோகிறது. அவை பக்கங்களின் பட்டியலைத் தந்தன. திறந்து, படித்து, விடையைப் பிடுங்கி எடுப்பது நம் வேலையாக இருந்தது. அந்த வேலையைக் கணினி எப்படித் தன் கையில் எடுத்துக்கொண்டது என்பதுதான் இந்த அத்தியாயம். விடை தேடுவதில் அது மெல்ல மெல்லக் கெட்டிக்காரனாகிவிட்டது. ‘இந்தக் கேள்விக்கு விடை என்று ஒன்று உண்டா?’ என்று நிதானிப்பதில்தான் இன்னமும் தடுமாறுகிறது.

*

கேள்விக்கு விடை சொல்லும் நிரல் வலைக்கு மூத்தது. 1961-இல் மாசச்சூசெட்சில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் பெர்ட் கிரீனும் அவருடைய குழுவினரும் பேஸ்பால் என்ற பெயரில் ஒரு நிரல் எழுதினார்கள். குழுவில் இருந்த கரோல் சாம்ஸ்கி மொழியியலாளர். நோம் சாம்ஸ்கியின் மனைவி என்றால் பலருக்குச் சட்டென்று பிடிபடும். அமெரிக்கன் லீக் பேஸ்பால் ஆட்டங்களின் ஒரு பருவத்து விவரம்தான் அந்த நிரலுக்குத் தெரிந்த உலகம். மாதம், நாள், ஊர், ஆடிய அணிகள், எடுத்த புள்ளிகள். கேள்வியைத் துளை அட்டையில் குத்திக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 7 அன்று ரெட் சாக்ஸ் எங்கே ஆடியது என்று கேட்டால் நிரல் அந்த வாக்கியத்தை உடைத்து ஒரு சிறு பட்டியலாக்கும். அணி: ரெட் சாக்ஸ். மாதம்: ஜூலை. நாள்: 7. ஊர்: கேள்விக்குறி. பிறகு தன்னிடம் உள்ள ஆட்டங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, மற்ற மூன்றும் பொருந்துகிற இடத்தில் நாலாவதை எடுத்துத் தரும். அவ்வளவுதான் சூட்சுமம். கேள்வி என்பது ஒரு கட்டம் காலியாக விடப்பட்ட படிவம். இந்தக் கருத்து அறுபது ஆண்டுகளில் பல பெயர்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. அலெக்சாவிடம் நாம் கேட்கும்போதும் எங்கோ அடியில் ஒரு காலிக் கட்டம் இருக்கிறது.

பத்தாண்டு கழித்து, வில்லியம் வுட்ஸ் லூனார் என்ற நிரலைச் செய்தார். அப்போலோ 11 நிலவிலிருந்து கொண்டுவந்த பாறைகளின் வேதியியல் விவரங்கள் அதனுள் இருந்தன. 1971-இல் ஹூஸ்டனில் நடந்த நிலவு அறிவியல் மாநாட்டுக்கு அதைக் கொண்டுபோய், நிரலாக்கம் தெரியாத நிலவியலாளர்களிடம் விட்டார்கள். சராசரி அலுமினியம் எவ்வளவு, எந்தப் பாறையில் இந்தக் கனிமம் இருக்கிறது என்றெல்லாம் அவர்கள் தங்கள் பாஷையில் கேட்டார்கள். 78 சதவீதக் கேள்விகளை நிரல் ஒழுங்காகக் கையாண்டது. அகராதியில் விட்டுப்போன சொல் போன்ற சில்லறைக் குறைகளைச் சரிசெய்தபின் அது சுமார் 90 சதவீதமானது. எழுபதுகளின் தொடக்கத்தில் இது அசாத்தியமான எண்.

ஆனால் நிலவியலாளர் ஒருவர் தப்பித்தவறி பேஸ்பால் பற்றிக் கேட்டால் லூனார் திகைத்துப்போகும். தெரிந்த உலகத்துக்குள் ராஜா, வேலியைத் தாண்டினால் ஒன்றுமில்லை. உலகத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் ஒவ்வொரு விவரத்தையும் யாராவது உட்கார்ந்து கட்டத்தில் நிரப்ப வேண்டும். அதற்கு ஆள் ஏது?

இன்னொரு கூட்டத்தார் விடையைப் பற்றிக் கவலைப்படாமல் ஆவணங்களைத் தேடுவதில் முனைந்திருந்தார்கள். கேம்பிரிட்ஜில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் சொன்ன ஒரு யோசனை அந்தத் துறையின் அஸ்திவாரக் கற்களில் ஒன்று: எல்லாக் கட்டுரையிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அபூர்வமாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். 1995-இல் வந்த ஆல்டாவிஸ்டா தேடுபொறியும், 1998-இல் நிறுவனமான கூகுளும் இந்தப் பரம்பரைதான். கூகுள் இதோடு எந்தப் பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்ற கணக்கையும் சேர்த்தது. கேள்வியை அவை கேள்வியாகப் பார்க்கவில்லை, சொற்களாகத்தான் பார்த்தன. ‘எங்கே’, ‘யார்’ போன்ற சொற்கள் எல்லாப் பக்கத்திலும் கிடப்பவை என்பதால் அவற்றுக்கு மதிப்பே இல்லை. கேட்டவரின் நோக்கம் முழுவதும் எந்தச் சொல்லில் இருக்கிறதோ அதையே இயந்திரம் முதலில் தூக்கி எறிந்தது.

வலையில் கேள்வியைக் கேள்வியாகவே கேளுங்கள் என்று மக்களை அழைத்துப் பிரபலமானது ஆஸ்க் ஜீவ்ஸ். 1996-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம். உட்ஹவுஸ் கதைகளில் வரும் சமயோசிதம் மிக்க பணியாள் ஜீவ்ஸின் பெயரும் படமும் முகப்பில் இருந்தன. உள்ளே நடந்தது எளிமையானது: சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஆசிரியர்கள் மக்கள் கேட்கக்கூடிய கேள்விகளை மாதிரிகளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பக்கத்தை இணைத்து வைத்தார்கள். நீங்கள் ஒன்று கேட்டால், ‘இதைக் கேட்கிறீர்களா, அதைக் கேட்கிறீர்களா?’ என்று தன் மாதிரிகளை எடுத்து நீட்டும். வலை வளர்ந்த வேகத்துக்கு ஆசிரியர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2006-இல் ஜீவ்ஸுக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

*

வழி திறந்தது எதிர்பாராத திசையிலிருந்து. நிஸ்ட் பரீட்சை எழுதிய குழுக்கள் பலவும் இலக்கணம், சொற்பொருள், தர்க்கம் என்று கனமான ஆயுதங்களோடு வந்தன. 2001-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவிலிருந்து எரிக் பிரில், சூசன் டூமே, மிஷெல் பாங்கோ முதலானோர் கொண்டுவந்த ஆஸ்க்-எம்.எஸ்.ஆர். என்ற நிரலுக்கு இலக்கணம் ஏறக்குறைய தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்ணுவது மட்டும்.

வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. லூவர் அருங்காட்சியகம் எங்கே அமைந்துள்ளது என்று ஆங்கிலத்தில் கேட்கிறோம். விடை வாக்கியத்தில் ‘இஸ்’ என்ற துணைவினை இடம் மாறி உட்காரும். எங்கே உட்காரும் என்று கண்டுபிடிக்க இலக்கணம் வேண்டும். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், அந்தச் சொல்லை வாக்கியத்தின் ஒவ்வொரு இடைவெளியிலும் செருகிப் பார்த்து, கிடைத்த அத்தனை வாக்கியங்களையும் தேடுபொறிக்கு அனுப்பினார்கள். அவற்றில் ஒன்றுதான் சரி, மற்றதெல்லாம் உளறல். உளறலை உலகில் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், ஆகவே அதற்கு எதுவும் கிடைக்காது, நஷ்டமில்லை. சரியான வாக்கியத்தை ஆயிரம் பேர் எழுதி வைத்திருப்பார்கள். அதை ஒட்டி எந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று எண்ணினால் பாரிஸ் மேலே மிதந்து வரும்.

தமிழில் செய்வதானால் முதல் பாதி இன்னும் சுலபம். ‘லூவர் எங்கே இருக்கிறது’ என்பதில் ‘எங்கே’ இருக்கும் இடத்திலேயே ‘பாரிஸில்’ வந்து உட்கார்ந்துவிடும், எதையும் இடம் மாற்ற வேண்டாம். இரண்டாம் பாதியில் மாட்டிக்கொள்வோம். பாரிஸில், பாரிஸின், பாரிஸிலுள்ள, பாரிஸிலிருந்து என்று ஒரே ஊர் பல வேஷம் போடும். வெறுமனே எண்ணும் நிரலுக்கு இவை தனித்தனிச் சொற்கள், வாக்குகள் சிதறிப்போகும்.

இந்த எண்ணும் முறையின் அழகும் ஆபத்தும் ஒரே எடுத்துக்காட்டில் தெரியும். அவர்கள் கேட்டுப்பார்த்தவற்றில் ஒன்று, ஸ்க்ரூஜ் என்ற பாத்திரத்தைப் படைத்தவர் யார் என்பது. டிக்கன்ஸ் முதலிடம் பிடித்தார். ஆனால் டிஸ்னியின் பெயரும் பட்டியலில் மேலே ஏறியிருந்தது. டிஸ்னி கேலிச்சித்திரங்களில் பணத்தில் நீச்சலடிக்கும் ஒரு வாத்துக்கும் ஸ்க்ரூஜ் என்றுதான் பெயர். டிக்கன்ஸைவிட வாத்தைப் பற்றி அதிகம் பேர் எழுதியிருந்தால் வாத்து ஜெயித்திருக்கும்.

பரீட்சை விதியால் இன்னொரு கூத்தும் நடந்தது. விடைக்கு ஆதாரமாக நிஸ்ட் தந்த செய்தித்தாள்களிலிருந்து ஒரு கட்டுரையைக் காட்ட வேண்டும். ஆஸ்க்-எம்.எஸ்.ஆர். விடையை வலையில் கண்டுபிடித்துவிட்டு, அதன்பிறகு செய்தித்தாள்களில் போய் அதற்குச் சாட்சி தேடியது. முடிவை முதலில் எடுத்துவிட்டு ஆதாரத்தைப் பின்னால் சேர்க்கும் இந்தப் பழக்கம் மனிதர்களுக்கும் உண்டு என்பதால் நான் அதைக் குறை சொல்லப்போவதில்லை.

ஆனாலும் பாடம் பெரியது. ஒரே செய்தியை வலை ஆயிரம் விதமாகத் திரும்பச் சொல்கிறது. அவற்றில் ஒன்றாவது எளிய வாக்கியமாக இருக்கும். அந்த ஒன்றைப் பிடித்தால் போதும், கடினமான மற்ற 999 வாக்கியங்களைப் புரிந்துகொள்ளத் தேவையில்லை.

*

கூகுள் 2003-இல் கணக்குப் போட்டுக் காட்டத் தொடங்கியது. 2005 ஏப்ரலில் ஜப்பானின் மக்கள்தொகை போன்ற சில கேள்விகளுக்குப் பட்டியலுக்கு மேலேயே விடையை ஒரு வரியில் அச்சிட்டது. 2009-இல் வுல்ஃப்ராம் ஆல்ஃபா, சரிபார்த்து அடுக்கிய தரவை வைத்துக்கொண்டு விடையைக் கணக்கிட்டே தருகிறேன் என்று வந்தது. எல்லாம் பழைய பேஸ்பால் பிரச்சினையில் வந்து முட்டின: கட்டங்களை நிரப்புவது யார்?

விடை, ஊர்கூடித் தேர் இழுப்பது. டேனி ஹில்லிஸ் தொடங்கிய மெட்டாவெப் நிறுவனம் 2007-இல் ஃப்ரீபேஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தைத் திறந்தது. விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தது கொஞ்சம், ஆர்வலர்கள் நிரப்பியது கொஞ்சம். கட்டுரையாக எழுதாமல் பொருள், உறவு, பொருள் என்று மும்மூன்றாக எழுத வேண்டும். தாஜ்மகால், அமைவிடம், ஆக்ரா. தாஜ்மகால், கட்டியவர், ஷாஜகான். ஷாஜகான், தந்தை, ஜஹாங்கீர். இப்படிக் கோத்துக்கொண்டே போனால் வலைப்பின்னல் ஆகிவிடும். தாஜ்மகாலைக் கட்டியவரின் தந்தை யார் என்பதற்கு, யாரும் எங்கும் அந்த வாக்கியத்தை எழுதியிருக்காவிட்டாலும், இரண்டு தாவலில் விடை கிடைக்கும்.

கூகுள் 2010-இல் மெட்டாவெப்பை வாங்கியது. 2012 மே 16 அன்று அதன் தேடல் பிரிவுத் தலைவர் அமித் சிங்கால் நாலெட்ஜ் கிராஃப் என்பதை அறிவித்தார். ஐம்பது கோடிப் பொருள்கள், அவற்றைப் பற்றி 350 கோடித் தகவல்கள். சிங்கால் இந்தியாவில் பிறந்தவர். தேடல் ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான ஜெரார்ட் சால்டனிடம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். சொற்களைத் தேடும் பரம்பரையின் நேரடி வாரிசு அவர். இனி சொற்களைத் தேடப்போவதில்லை, பொருள்களைத் தேடப்போகிறோம் என்று சொன்னதும் அவரே. அறிவிப்பில் அவர் எடுத்துக்கொண்ட முதல் உதாரணம் தாஜ்மகால். ஆக்ராவின் நினைவுச்சின்னம், அதே பெயர் கொண்ட அமெரிக்க ப்ளூஸ் இசைக்கலைஞர், அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதி, பக்கத்துத் தெரு இந்திய உணவகம். பதின்மூன்று ஆண்டுக்கு முன் மூன்று பேரைக் குழப்பிய அதே இரட்டைவேடம்.

தீர்வு சாதுவானது. பெயரை நம்பாமல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துவிடுவது. 2012 அக்டோபரில் தொடங்கிய விக்கித்தரவும் இதைத்தான் செய்கிறது. அதில் ஆக்ரா தாஜ்மகால் கியூ9141. சூதாட்ட விடுதிக்கு வேறு எண், பாடகருக்கு வேறு எண். டக்ளஸ் ஆடம்ஸ் என்ற எழுத்தாளருக்கு வேண்டுமென்றே கியூ42 என்று கொடுத்திருக்கிறார்கள். அவருடைய நாவலில் பிரபஞ்சத்தின் இறுதிக் கேள்விக்கு ஒரு பிரம்மாண்டக் கணினி யுகயுகமாக யோசித்து 42 என்று விடை சொல்லும். கேள்வி என்ன என்பது யாருக்கும் தெரியாது. தரவுத்தளம் கட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான குலதெய்வம் கிடைக்காது.

எண் கொடுத்தாலும் தகவல் அசையாமல் நிற்பதில்லை. எவரெஸ்ட்டின் உயரம் 8,848 மீட்டர் என்று தலைமுறை தலைமுறையாகப் பள்ளியில் ஒப்பித்தோம். 2020 டிசம்பர் 8 அன்று நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8,848.86 என்று அறிவித்தன. முதல் நாள் சரியாக இருந்த விடை மறுநாள் பழசாகிவிட்டது.

*

இதற்கிடையில், 2011 பிப்ரவரியில், ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஜெபர்டி வினாடி வினாவில் இரண்டு சாம்பியன்களைத் தோற்கடித்தது. டேவிட் ஃபெருச்சி தலைமையிலான குழு உருவாக்கியது. இணையத் தொடர்பு கிடையாது. தெரிந்ததெல்லாம் உள்ளேயே இருந்தது. ஜெயித்ததைவிட அது சறுக்கிய ஓர் இடம்தான் எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது. தலைப்பு ‘அமெரிக்க நகரங்கள்’. பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப் போர் வீரர் ஒருவரின் பெயரும் அடுத்ததற்கு அந்தப் போரின் சண்டை ஒன்றின் பெயரும் கொண்ட நகரம் எது? சிகாகோ என்று மற்ற இருவரும் எழுதினார்கள். வாட்சன் எழுதியது டொரன்டோ. அது கனடாவில் இருக்கிறது.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வாட்சன் அந்த விடைக்குப் பின்னால் ஐந்து கேள்விக்குறிகள் போட்டிருந்தது. பல்லாயிரம் டாலர் கையிருப்பு இருந்தும் வெறும் 947 டாலர்தான் பந்தயம் கட்டியது. தனக்குத் தெரியவில்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது. மற்ற கேள்விகளில் நம்பிக்கை குறைந்தால் பொத்தானையே அழுத்தாமல் விட்டுவிடும். இந்தக் கடைசிச் சுற்றில் ஏதாவது எழுதியே தீர வேண்டும் என்பது விதி.

2014-வாக்கில் கூகுள், நாலெட்ஜ் கிராஃபில் இல்லாத கேள்விகளுக்கு ஏதோ ஓர் இணையப் பக்கத்திலிருந்து சில வரிகளை வெட்டி ஒரு பெட்டிக்குள் போட்டு மேலே வைக்க ஆரம்பித்தது. ஃபீச்சர்டு ஸ்னிப்பெட் என்று பெயர். விடை எங்கிருந்து வந்தது என்பதற்குக் கீழே சிறிய சுட்டி இருக்கும். பட்டியலில் பத்தில் ஒன்றாக இருந்தபோது அது யாரோ ஒருவரின் கருத்து. பெட்டிக்குள் ஏறியதும் கூகுளே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. ரோமானியர்கள் இரவில் எப்படி நேரம் பார்த்தார்கள் என்ற கேள்விக்குச் சூரியக் கடிகாரம் என்று பெட்டி பதில் சொன்னதைக் கூகுளே 2018-இல் ஒப்புக்கொண்டு எழுதியது. இரவில் சூரியக் கடிகாரம்! இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தப்பு.

2021 ஜூனில் நடந்தது சிரிக்கக்கூடியதல்ல. இந்தியாவின் மிக அசிங்கமான மொழி எது என்று யாரோ ஆங்கிலத்தில் தட்டியிருக்கிறார்கள். பெட்டியில் கன்னடம் என்று வந்தது. கர்நாடகம் கொந்தளித்தது, அரசு சட்ட நடவடிக்கை எடுப்போம் என்றது, கூகுள் விடையை நீக்கி மன்னிப்புக் கேட்டது.

கூகுளில் யாரும் உட்கார்ந்து இதை எழுதவில்லை. அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. விவரம் தெரிந்த எவரும் அதற்குப் பதில் எழுத மாட்டார்கள். யாரோ ஒருவர் எங்கோ ஒரு மூலையில் கேள்வியை அச்சு அசலாக எழுதி, கீழே ஒரு மொழியின் பெயரையும் போட்டு வைத்திருந்தார். இயந்திரத்தைப் பொறுத்தவரை கேள்வியும் பக்கமும் அபாரமாகப் பொருந்தின. எதிர்த்துச் சொல்ல வேறு பக்கமும் இல்லை. ஆஸ்க்-எம்.எஸ்.ஆர். ஆயிரம் பேரின் வாக்கை எண்ணியது என்றால், இங்கே பதிவானது ஒரே வாக்கு. போட்டியின்றித் தேர்வு. பெட்டி என்று ஒன்றை வைத்தவுடன் அதை நிரப்பியாக வேண்டும் என்ற கட்டாயமும் வந்துவிடுகிறது. கடைசிச் சுற்றில் வாட்சனுக்கு நேர்ந்த அதே கட்டாயம், கேள்விக்குறிகள் மட்டும் இல்லை.

*

இயந்திரம் பத்தியைப் படித்து விடையை அடிக்கோடிடும் திறன் இதே ஆண்டுகளில் தாவிக் குதித்தது. ஸ்டான்ஃபோர்டில் பிரணவ் ராஜ்புர்கர், பெர்சி லியாங் முதலானோர் 2016-இல் ஸ்குவாட் என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். விக்கிப்பீடியா பத்திகள், ஒவ்வொன்றின் மேலும் கேள்விகள், விடை பத்திக்குள்ளேயே எந்தச் சொல்லில் தொடங்கி எதில் முடிகிறது என்ற குறிப்பு. ஒரு லட்சத்துக்கும் மேல் கேள்விகள். 2018 தொடக்கத்தில் அலிபாபா, மைக்ரோசாஃப்ட் நிரல்கள் மனிதர்களை மிஞ்சிவிட்டன என்று தலைப்புச் செய்திகள் வந்தன.

அதற்கு முந்தைய ஆண்டே ராபின் ஜியாவும் லியாங்கும் ஒரு விஷமம் செய்து பார்த்திருந்தார்கள். பத்தியின் கடைசியில் கேள்வியின் சொற்களை ஒத்த, ஆனால் சம்பந்தமில்லாத ஒரு வாக்கியத்தை ஒட்டினார்கள். மனிதர்கள் பெரும்பாலும் ஏமாற மாட்டார்கள். நிரல்களின் சராசரி மதிப்பெண் 75-லிருந்து 36-க்கு விழுந்தது. அவை பத்தியைப் புரிந்துகொண்டு படிக்கவில்லை, கேள்வி மாதிரி தெரிகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தன. 2018-இல் வந்த இரண்டாம் பதிப்பில், பத்தியில் விடையே இல்லாத 50,000-க்கும் அதிகமான கேள்விகளைச் சேர்த்தார்கள். இவற்றுக்கு ‘விடை இல்லை’ என்று சொன்னால்தான் மதிப்பெண். முதல் பதிப்பில் 86 வாங்கிய ஒரு நிரல் இதில் 66-க்கு இறங்கியது. நிஸ்ட் பரீட்சைகளைவிட இதுதான் நல்ல பரீட்சை என்பது என் அபிப்பிராயம்.

அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் வெளியிட்ட பெர்ட் என்ற நிரல், வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் முன்னும் பின்னும் உள்ள சொற்களோடு சேர்த்துப் பார்க்கக் கற்றது. 2019-இல் அதைத் தேடலில் புகுத்தினார்கள். அவர்கள் தந்த எடுத்துக்காட்டு: பிரேசில் பயணி அமெரிக்காவுக்குப் போக விசா வேண்டுமா? பழைய முறையில் பிரேசில், அமெரிக்கா, விசா என்ற மூன்றும் இருந்தால் போதும், பிரேசிலுக்குப் போகும் அமெரிக்கர்களுக்கான பக்கம் வந்து நிற்கும். யார் எங்கே போகிறார்கள் என்பதைச் சொல்லும் ‘டு’ என்ற குட்டிச் சொல்லை, தமிழில் நாம் ‘க்கு’ என்று ஒட்டவைப்பதை, இயந்திரம் முதல் முறையாக மதித்தது.

தமிழுக்கு இந்தப் பந்தியில் இலை போட்டது தாமதமாகத்தான். கூகுளின் இந்திய ஆய்வுப் பிரிவு 2021-இல் சாய் என்ற பெயரில் இந்தி, தமிழ் கேள்விகளுக்கு ஒரு போட்டி நடத்தியது. கேள்விகளை மொழிபெயர்க்காமல், தாய்மொழிக்காரர்களையே எழுதவைத்தார்கள்; நல்ல காரியம். பயிற்சிக்குத் தந்தது ஆயிரத்துச் சொச்சம் கேள்விகள், அதில் தமிழ் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஸ்குவாட்டின் லட்சத்துக்கு எதிரே சில நூறு.

*

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தபின் நடந்தது பலருக்கும் தெரியும். விடையை வெட்டி ஒட்டாமல் இயந்திரமே எழுதத் தொடங்கியது. கூகுள் அவசரமாகத் தன் போட்டி நிரலான பார்டை அறிவித்தபோது, சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோளை முதன்முதலில் படமெடுத்தது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி என்று அதன் விளம்பரத்திலேயே தப்பாக வந்தது. உண்மையில் அந்தப் படம் 2004-இல் சிலியில் உள்ள தொலைநோக்கியால் எடுக்கப்பட்டது. ஒரே நாளில் நிறுவனத்தின் சந்தை மதிப்பு சுமார் 10,000 கோடி டாலர் சரிந்தது.

2024 மேயில் கூகுள் தேடலின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கங்களைப் போட ஆரம்பித்த சில நாளிலேயே, தினமும் ஒரு சிறு கல் சாப்பிடுவது நல்லது என்று அது ஒருவருக்குச் சொன்னது. மூலம், தி ஆனியன் என்ற நையாண்டிப் பத்திரிகையின் கட்டுரை. எத்தனை கல் சாப்பிடலாம் என்று எந்த மருத்துவரும் எழுதி வைத்ததில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. சீரியஸாக யாரும் தொடாத கேள்வி; கிண்டலாகத் தொட்டவர் ஒருவர்தான். இத்தகைய இடங்களைத் தரவு வெற்றிடம் என்று கூகுள் விளக்கம் சொன்னது. கன்னடத்துக்கு நேர்ந்ததும் இதே வெற்றிடத்தால்தான். இடையில் மூன்று ஆண்டு ஓடி, இயந்திரம் நூறு மடங்கு திறமையாகப் படிக்கக் கற்றிருந்தும், யாரும் பதில் சொல்லாத கேள்வி என்பதே ஒரு தகவல் என்று அதற்கு உறைக்கவில்லை.

மூலத்தைப் பற்றி இன்னொரு சச்சரவும் உண்டு. பாடல் வரிகளை வெளியிடும் ஜீனியஸ் என்ற தளம், தன் வரிகள் கூகுளின் பெட்டியில் தோன்றுவதாகச் சந்தேகப்பட்டது. தன் பக்கங்களில் வரும் அப்பாஸ்ட்ரஃபி குறிகளில் சிலவற்றை வளைந்ததாகவும் சிலவற்றை நேரானதாகவும் வைத்தது. புள்ளி, கோடு என்று மோர்ஸ் முறையில் படித்தால் ‘ரெட் ஹேண்டட்’, அதாவது கையும் களவுமாக, என்று வரும். கூகுள் பெட்டியிலும் அதே வரிசை தெரிந்ததாக 2019-இல் அறிவித்தது. உரிமம் பெற்ற நிறுவனங்களிடமிருந்து வாங்கியதுதான் என்றது கூகுள். ஜீனியஸ் போட்ட வழக்கு நிற்கவில்லை; இது பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வரும் விஷயம், வரிகளின் பதிப்புரிமையோ ஜீனியஸிடம் இல்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது.

பாட்டுக்காவது உரிமையாளர் உண்டு, தகவலுக்குக் கிடையாது. எவரெஸ்ட் 8,848.86 மீட்டர் என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் 2020 டிசம்பரில் அந்த எண்ணை விக்கிப்பீடியாவில் போய் மாற்றியது சம்பளம் வாங்காத யாரோ ஒருவர். பெட்டிகளும் பேசும் கருவிகளும் சாட்ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாதிரிகளும் பெருமளவில் குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான். விக்கிப்பீடியாவை நடத்தும் அறக்கட்டளை 2025 அக்டோபரில் ஒரு கணக்கு வெளியிட்டது: மனிதர்கள் நேரடியாக வந்து படிப்பது முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிடச் சுமார் 8 சதவீதம் குறைந்திருக்கிறது, தேடுபொறிகள் விடையைத் தாங்களே சொல்லிவிடுவது ஒரு காரணம் என்று. அங்கே திருத்துகிறவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் வெறுமனே படிக்க வந்தவர்கள்.